ஆறு பெட்டியும் ஓர் இறுவட்டும்

கல்முனைப் பட்டினத்துக்கு மேற்கே, வயல்வெளிக் காற்றும் சன நெருக்கமும் ஒருங்கே வந்து கூடுகின்ற நற்பிட்டிமுனையில், மத்திய கிழக்கில் பத்துப் பன்னிரண்டு வருஷம் உழைத்துவிட்டுத் திரும்பிய ஒருவருடைய வீட்டு விறாந்தையைக் கடந்து உள்ளே கால் வைக்கிற எவருக்கும், சுவரோரக் கண்ணாடி அலுமாரியும், அதன் நடுவில் தொலைக்காட்சியும், அதன் கீழே பின்னல் துணி போர்த்திய ஒலிச்சாதனமும், அலுமாரியின் உச்சியில் பெருநாள் தொழுகை அணிபோல் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்ட ஐந்து சிறு ஒலிபெருக்கிகளும், தரையிலே தனித்திருக்கும் பெரிய பெட்டி ஒன்றும் முதலிற் கண்ணில் படும். வீட்டுக்காரர் பெருமிதத்தோடு ஓர் இறுவட்டைப் போடுவார், அலுமாரியிலிருந்து ஓசை எழும்பும், “சத்தம் எப்படி?” என்பார், விருந்தாளியும் “நல்லம்” என்பார். இருவருமே உண்மையைத்தான் சொல்லுகிறார்கள். ஆனால் எந்தப் பிரயோசனத்தை உத்தேசித்து அந்த ஆறு பெட்டிகளையும் உற்பத்தி செய்தார்களோ, அந்தப் பிரயோசனம் அங்கே சித்திக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியாது.

சூழொலிக்கென்று சாதனம் வாங்கியவர் எங்கள் பிரதேசத்தில் அநேகர். சூழொலியை மெய்யாகவே கேட்டவர் சிலர். இந்த வேறுபாட்டுக்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. மலிவுச் சாதனம் என்பார் ஒருவர். வயர் தரமில்லை என்பார் இன்னொருவர். கடைக்காரரோ புதிய மாதிரி ஒன்று வந்திருப்பதாகத் தெரிவிப்பார். பல வீடுகளில் கருவிகளின் முதுகுப்புறத்தை எட்டிப் பார்த்த அனுபவத்தைக்கொண்டு யான் கூறத் துணிவது யாதெனில், தோஷம் பெரும்பாலும் கேட்கப்படாத இரண்டு கேள்விகளிலே தங்கியிருக்கிறது என்பதே. இறுவட்டு இயங்கியிலிருந்து புறப்பட்ட வயருக்குள்ளே எது பிரயாணம் செய்கிறது என்பது முதலாவது. ஒன்றாய்க் கட்டிவைத்த ஓசைகளை அவிழ்த்து ஆறாகப் பிரிக்கும் காரியத்தை இரண்டு கருவிகளில் எது செய்கிறது என்பது இரண்டாவது. வயரின் வாய் துவாரத்துக்குப் பொருந்திவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுகிற இடத்திலேதான் சூழொலி தொலைந்துபோகிறது.

சொல்லைப்பற்றியும் ஒரு வார்த்தை. அட்டைப்பெட்டியில் ‘ரிசீவர்’ என்று அச்சிட்டிருக்கும் சாதனத்தை எங்களூரில் ‘அம்ப்’ என்றுதான் வழங்குவர். வளைகுடாவில் இருந்து வந்தவருக்கோ ரிசீவர் என்றால் டிஷ் அன்டெனாவோடு சேர்ந்த பெட்டி. உள்ளே ஒரு வானொலி வாங்கியும் பொருந்தியிருப்பதாலேயே ரிசீவர் என்ற நாமம் அதற்கு ஏற்பட்டது. வானொலியை அதிலே யாரும் கேட்பதில்லையாயினும் பெயர் நிலைத்துவிட்டது. இக்கட்டுரையில் ரிசீவர் என்பது, பல கருவிகளின் ஓசையையும் படத்தையும் ஓரிடத்தில் ஏற்று, ஓசையை அவிழ்த்து, பெருக்கி, ஒலிபெருக்கிகளுக்குப் பங்கிட்டு அனுப்பும் சாதனம் என்றே கொள்க.

ஓசைக்குத் திசையுண்டு என்பதை இரண்டு காதுள்ள சீவன் யாவும் அறியும். அதை யந்திரத்தில் அடைத்துவைக்கலாம் என்பது 1931ஆம் ஆண்டில் ஆங்கிலப் பொறியியலாளர் அலன் புளூம்லைன் ஈரொலிக்குக் காப்புரிமை கோரியபோதுதான் ஒழுங்கான உருவம் பெற்றது. 1940இல் வால்ட் டிஸ்னியின் ‘ஃபான்டேசியா’ திரைப்படம் சில கொட்டகைகளில் பல தடங்களோடு ஒலித்தது. செலவு தாளாமல் அம்முயற்சி அடங்கிற்று. பின்னர் இத்துறையில் முதன்மையாய் விளங்கிய ரே டொல்பி என்னும் அமெரிக்கர், 1963 முதல் 1965 வரை ஐக்கிய நாடுகளின் தொழில்நுட்ப ஆலோசகராக இந்தியாவில் வாழ்ந்தவர் என்பதும், அதே 1965இல் இலண்டனில் தம் ஆய்வுக்கூடத்தை நிறுவினார் என்பதும் நம்மவர் பலர் அறியாத செய்தி. ‘டொல்பி’ என்ற சொல்லை ஏதோ ஒரு கம்பனியின் கற்பனைப் பெயராகவே கருதி, பொத்தானில் வாசித்துவிட்டுப் போகிறோம். அது ஒரு மனிதனின் குடும்பப் பெயர்.

டொல்பி நிறுவனத்தின் எண்மான முறை 1992இலும், அதற்குப் போட்டியாகிய டிடிஎஸ் 1993இல் ‘ஜுராசிக் பார்க்’ படத்தோடும் கொட்டகைகளுக்கு வந்தன. இவ்விரண்டும் வேலை செய்த விதம் நமது விஷயத்துக்கு நெருங்கியது. டொல்பி முறையில் ஓசையின் எண்கள் படச்சுருளின் ஓரத்துளைகளுக்கு இடைப்பட்ட சிறு கட்டங்களில் அச்சிடப்பட்டன. டிடிஎஸ் முறையிலோ, சுருளில் நேரக் குறியீடு மாத்திரமே இருந்தது. ஓசை முழுவதும் தனியே இறுவட்டில் வந்தது. இயக்குபவர் இறுவட்டைத் தனிக் கருவியிற் போடுவார். சுருளின் குறியீட்டை வாசித்து, படத்துக்கு ஓசை முந்தாமலும் பிந்தாமலும் அக்கருவி இறுவட்டை ஓட்டும். ஆகவே இறுவட்டு இயங்கியைச் சூழொலிச் சாதனத்தோடு இணைக்கும் சங்கதி நமது உள்மண்டபத்தில் தொடங்கியதன்று. டிடிஎஸ் கொட்டகைகளில் அது ஏற்கெனவே நடந்துவிட்டது. தமிழிலே ‘குருதிப்புனல்’ 1995இல் டொல்பி எஸ்.ஆர். முறையிலும், ‘கறுப்பு ரோஜா’ 1996இல் டிடிஎஸ் முறையிலும் வந்து, ‘டிடிஎஸ் படம்’ என்பதைச் சுவரொட்டியில் ஒரு நட்சத்திரத்தின் பெயருக்குச் சமானமாக்கின.

வீட்டுக்குள் சூழொலி இரண்டு வேஷத்தில் பிரவேசித்தது. 1982இல் வந்த டொல்பி சரவுண்டும் 1987இல் வந்த புரோலொஜிக்கும், இரண்டு தடத்துக்குள்ளேயே நடுத்தடத்தையும் பின்தடத்தையும் ஒளித்துவைத்து, கேட்குமிடத்தில் கணித யுக்தியால் முன்னது பின்தடத்தையும், பின்னது அதோடு நடுத்தடத்தையும் பிரித்தெடுத்தன. பின்தடம் அப்போது ஒன்றேதான். அதன் மேற்ஸ்தாயியும் 7 கிலோஹேர்ட்ஸோடு வெட்டப்பட்டிருந்தது. 1996இன் இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டிவிடியோ ஐந்து தடங்களையும் தனித்தனியாகவும், அவற்றோடு கனத்த முழக்கங்களுக்கென 120 ஹேர்ட்ஸ்வரை மட்டும் செல்லும் ஒரு குறைத்தடத்தையும் வீட்டுக்குக் கொணர்ந்தது. முழுத்தடம் ஐந்து, குறைத்தடம் ஒன்று. அதுவே ‘ஐந்து புள்ளி ஒன்று’. புள்ளியின் அர்த்தம் தெரியாமலே அதை உச்சரிக்கிறோம்.

ஆதலால் எந்த வயரையும் தொடுவதற்கு முன் விசாரிக்கவேண்டியது இறுவட்டின் உள்ளடக்கம். நம்மிடையே வெகுகாலம் ஆட்சி செய்த விசிடியில் இரண்டு தடத்துக்கு மேல் இடமில்லை. சந்தைகளில் ‘ஒரு தட்டில் ஐந்து படம்’ என்று விற்கப்பட்ட டிவிடிகளிலும், ஐந்து படத்தையும் அடக்கும் பொருட்டு ஓசையை இரண்டு தடமாக்கி நெரித்திருப்பார்கள். அத்தகைய இறுவட்டைப் போட்டுவிட்டுப் பின்பெட்டி பேசவில்லையென்று ரிசீவரை நிந்திப்பது, வெறுங்குடத்தைச் சரித்துவிட்டுக் குவளையைக் குறைகூறுவதற்கு நிகர். உறையின் பின்புறத்தில் டொல்பி டிஜிட்டல் 5.1 அல்லது டிடிஎஸ் என்ற முத்திரை உண்டா என்று பாருங்கள்; இருந்தால், படம் தொடங்குமுன் வரும் பட்டியலில் ஓசைப் பிரிவுக்குப் போய் 5.1 என்பதைத் தெரிவு செய்யுங்கள். சில இறுவட்டுகள் இரண்டு தடத்தையே முதலாவதாக வைத்திருக்கும். தெரிவு செய்யாதவருக்கு ஆறு தடமும் உள்ளேயே உறங்கும்.

இனி வயர். இயங்கியிலிருந்து ரிசீவருக்குச் செல்ல நான்கு வழிகள் உள்ளன. அவற்றில் நமது வீடுகளில் மிகுதியும் காணப்படுவது சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்ற மூவர்ண ஏவி வயர். இயங்கியின் பெட்டியிலேயே இலவசமாய் வருவதால் அதற்கு இத்தனை செல்வாக்கு. மஞ்சள் படத்தையும், மற்றிரண்டும் இடவல ஓசைகளையும் சுமக்கும். இந்த வயரைச் செருகும்போது இயங்கி உள்ளேயே ஆறு தடத்தையும் அவிழ்த்து, கலந்து, இரண்டாக்கி வெளியே விடுகிறது. ரிசீவர் தன்னிடம் புரோலொஜிக் இருந்தால் அந்த இரண்டிலிருந்து ஒரு ஊகச் சூழொலியை நெய்து தரும். இல்லாவிட்டால் பின்பெட்டிகள் மௌனமாயிருக்கும். சில ரிசீவர்களில் ‘எல்லா ஒலிபெருக்கியிலும் ஒரே ஓசை’ என்ற ஏற்பாடும் உண்டு. அதை அமுக்கிவிட்டு, ஆறும் வேலை செய்கிறதென்று திருப்தியடைவாரும் உளர். பிரசங்கக் கூட்டத்துக்கு அது போதும்.

இரண்டாம் வழி ஆறு வயர் வழி. இயங்கியின் முதுகில் ஆறு துவாரங்களும் ரிசீவரின் முதுகில் அவற்றுக்கு நேராக ஆறும் இருந்து, ஒவ்வொரு தடமும் தன் சொந்த வயரில் செல்லும். மலிவான சீன இயங்கிகளிலும், எஸ்ஏசிடி என்னும் உயர்தர இசை இறுவட்டுக்கான மிக விலையுயர்ந்த இயங்கிகளிலும் ஒருங்கே காணப்பட்டது இவ்வழி என்பது சற்று வேடிக்கைதான். முன்னதற்குக் காரணம், அவிழ்க்கும் சக்தி இல்லாத மலிவு அம்ப்களோடு ஜோடி சேர்த்தல். பின்னதற்குக் காரணம், நான்காம் வழியாகப் பின்னர் காணப்போகும் எச்டிஎம்ஐ வருமுன் அந்த உயர்தர ஓசையை வெளியே எடுக்க வேறு பொது வழி இல்லாமை. இவ்வழியில் அவிழ்க்கும் தொழில் இயங்கியினுடையது. ஆகவே ஒலிபெருக்கிகள் பெரியனவா சிறியனவா, எவ்வளவு தூரத்தில் உள்ளன என்ற விபரங்களை இயங்கியின் பட்டியலிலேதான் பதியவேண்டும். ரிசீவரில் அவற்றைப் பதிந்துவிட்டுப் பலனில்லையென்று சலித்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆறு வயரில் ஒன்று மாறினாலும் கதாநாயகன் முதுகுக்குப் பின்னாலிருந்து பேசுவான்.

மூன்றாம் வழி எண்மான ஒற்றை வயர். சோனி, பிலிப்ஸ் ஆகிய இரண்டு நிறுவனங்களின் கூட்டு ஏற்பாடாகையால் அவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து எஸ்பிடிஐஎஃப் எனப்படுவது. இங்கே ஒரு சிறு கணக்கு அவசியமாகிறது. இசை இறுவட்டில் வினாடிக்கு 44,100 தடவை, தடவைக்கு 16 பிட், தடம் இரண்டு. பெருக்கினால் வினாடிக்கு 14,11,200 பிட். இந்த ஏற்பாடு அப்படிப்பட்ட இரண்டு தடத்துக்கென்றே வகுக்கப்பட்டது. ஆறு தடத்தை நெரிக்காமல் அனுப்ப அதில் இடமேயில்லை. ஆனால் டொல்பி டிஜிட்டல், டிவிடியில் ஆறு தடத்தையும் சேர்த்தே அதிகபட்சம் 448 கிலோபிட்டுக்குள் சுருட்டிவிடுகிறது. டிடிஎஸ் ஏறக்குறைய 1,509 கிலோபிட் கேட்கும்; டிவிடியின் தடவைக் கணக்கு இசை இறுவட்டினதைவிடச் சற்று அதிகமாகையால் அதுவும் அடங்கும். சுருட்டிய பாயை அவிழ்க்காமல் அப்படியே வயரில் அனுப்பினால் போகும். விரித்த பாய் அந்த வாசலால் போகாது. எனவே இவ்வழியில் அவிழ்க்கும் தொழில் ரிசீவருக்கே உரியது. இயங்கி கைவைக்காமல் கடத்திவிடவேண்டும்.

இதே ஓட்டத்தைச் சுமப்பதற்கு இரு வகை வயர் உண்டு. செம்பாலாகிய கோஎக்சியல் ஒன்று. 1983இல் தோஷிபா நிறுவனம் வெளியிட்ட, சிவந்த ஒளியைப் பிளாஸ்டிக் இழையில் செலுத்தும் ஒப்டிகல் மற்றொன்று. எது சிறந்தது என்னும் தர்க்கம் இன்றும் ஓயவில்லை. ஒளி என்ற சொல்லிலுள்ள மகிமையால் ஒப்டிகல் உயர்ந்ததென்று பலர் எண்ணுகின்றனர். இரண்டிலும் போவது அதே பிட்டுகள்; போய்ச்சேர்ந்தால் ஓசை ஒன்றே. வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. செம்பு வயர் இரு கருவிகளின் மின்னிலத்தையும் பிணைப்பதால், வீட்டு ‘எர்த்’ ஒழுங்கில்லாவிட்டால் ஓர் இரைச்சல் புகுவதுண்டு. ஒப்டிகலில் அந்த உபத்திரவம் இல்லை. ஒப்டிகலோ கூர்மையாக மடித்தால் ஒளி கசிந்து ஓசை அறுபடும்; அலுமாரியைச் சுவரோடு தள்ளும்போது அதுதான் முதலில் நசுங்கும். கோஎக்சியலுக்கு 75 ஓம் வயர் வேண்டும் என்று சொல்லி உயர்ந்த விலைக்கு விற்பார்கள். மூவர்ண வயரின் மஞ்சளும் 75 ஓமுக்கென்றே செய்யப்பட்டது. ஒரு மண்டபத்தின் நீளத்துக்கு அதைச் செம்மஞ்சள் நிறமான கோஎக்சியல் துவாரத்தில் செருகினால் வேலை நடக்கும். இதைச் சொன்னதற்காக ஒரு கடையில் எனக்குத் தேநீர் கிடைக்காமற் போனது.

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் என் மருமகன் ஒருவன் வந்து, “மாமா, ஆறு பெட்டியும் நல்லாத்தான் கிடக்கு, பின்னுக்குக் கிடக்கிற ரெண்டும் வாய் திறக்குதில்ல. ஒருக்கா வந்து பாருங்களன்” என்று கூப்பிட்டான். போனேன். அவன் ஒப்டிகல் வயர் புதிதாக வாங்கிச் செருகியிருந்தான்; ரிசீவரோ ஊமையாகவே நின்றது; ஆகையால் பழைய மூவர்ண வயரையும் மாட்டி, அதன் ஓசையையே கேட்டுக்கொண்டிருந்தான். அலுமாரியை ஒரு முழம் முன்னுக்கு இழுத்து, கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில் பின்புறத்தைப் பார்த்தேன். ஒப்டிகல் வாய் துவாரத்துக்குள் பாதிதான் இறங்கியிருந்தது. கழற்றிப் பார்க்க, அதன் நுனியில், தூசி படாதிருக்கத் தொழிற்சாலையில் போட்டனுப்பும் சிறிய நிறமற்ற பிளாஸ்டிக் தொப்பி அப்படியே இருந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டு மறுமுனையை இயங்கியில் மாத்திரம் செருகியபோது, இந்த முனையில் கடுகளவு சிவப்பு வெளிச்சம் எரிந்தது. அவனுடைய சிறிய மகள் அதை உள்ளங்கையில் விழுத்திப் பார்த்தாள்.

வெளிச்சம் வந்தும் சூழொலி வரவில்லை. ரிசீவரின் கண்ணாடி யன்னலில் ‘பிசிஎம்’ என்றே எழுத்து நின்றது. இரண்டு தடம் வருகிறதென்பது அதன் பொருள். இயங்கியின் பட்டியலைத் திறந்து, ஓசைப் பிரிவில் எண்மான வெளியீடு என்ற வரிக்குப் போனால், பிசிஎம் என்பதே தெரிவாகி இருந்தது. சில கம்பனிகள் அதற்கெதிரில் பிட்ஸ்ட்ரீம் என்றும், சில ‘ரோ’ என்றும் எழுதும். ரோ என்றால் பச்சையானது, சமைக்காதது. அதைத் தெரிவு செய்ததும் யன்னலில் எழுத்து டொல்பி டிஜிட்டல் என்று மாறிற்று; படத்தில் பெய்துகொண்டிருந்த மழை அறையின் பின்சுவரிலும் பெய்யத் தொடங்கிற்று. மருமகன் திரும்பிப் பார்த்தான். ஜன்னலை மூட எழுந்தவள் அவனுடைய உம்மா.

நான்காம் வழி எச்டிஎம்ஐ. 2002இன் இறுதியில் அதன் முதல் விதிகள் வெளியாயின. பத்தொன்பது ஊசிகளுள்ள ஒற்றை வயரில் படமும், நெரிக்காத எட்டுத் தடம்வரையான ஓசையும் செல்லும். 2006இல் புளூரே இறுவட்டு வந்தபோது, ஓசையைத் துளியும் இழக்காமல் கட்டும் டொல்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ் எச்டி மாஸ்டர் ஒடியோ என்ற முறைகளும் கூடவே வந்தன. அவற்றை அவிழ்க்காமல் கடத்தும் ஆற்றலை அதே ஆண்டில் வெளியான எச்டிஎம்ஐ 1.3 பெற்றது. ஒப்டிகல் வயரில் இவை போகா. அங்கே செல்வது இவற்றோடு சேர்ந்திருக்கும் பழைய டொல்பி அல்லது டிடிஎஸ் பகுதி மாத்திரமே. புளூரே வாங்கிவிட்டுப் பழைய ஒப்டிகலோடு திருப்தியுறுபவர், ஆறு தடத்தைப் பெறுகிறார். அந்த இறுவட்டுக்குக் கொடுத்த விலையின் ஒரு பங்கைப் பெறவில்லை.

எச்டிஎம்ஐயில் இரண்டு கருவிகளும் அவிழ்க்க வல்லன. ஆகவே எது அவிழ்த்தால் சிறப்பு என்ற விவாதம் இங்கேதான் உஷ்ணமாக நடைபெறுகிறது. இழப்பில்லாத கட்டை எங்கே அவிழ்த்தாலும் எண்கள் ஒன்றே என்பது கணிதம். எனவே ஓசைத் தரத்தில் பேதம் காண்பவர்களுடைய காதுகளைப் பற்றி எனக்குச் சந்தேகமுண்டு. எனினும் ரிசீவரிடம் அவிழ்க்க விடுவதே என் அபிப்பிராயம். உயரத்து ஒலிபெருக்கிகளையும் கணக்கிலெடுக்கும் டொல்பி அட்மொஸ், இயங்கியில் அவிழ்த்துவிட்டால் தன் விசேஷத்தை இழக்கும். மேலும் யன்னலில் முறையின் பெயர் தோன்றுவதால் பிழையிருந்தால் உடனே தெரியும். ஒரு சூட்சுமம்: பல புளூரே இயங்கிகளில் ‘இரண்டாம் ஓசை’ அல்லது ‘கலவை’ என்றொரு ஏற்பாடு உண்டு. அது திறந்திருந்தால், பொத்தான் சத்தத்தையும் இயக்குநரின் விளக்கவுரையையும் சேர்ப்பதற்காக இயங்கி கட்டை அவிழ்த்துத் தரங்குறைத்து மீண்டும் கட்டிவிடும். அதை மூடிவிடவேண்டும்.

இயங்கியை முதலில் தொலைக்காட்சிக்கும், தொலைக்காட்சியிலிருந்து ரிசீவருக்கும் இணைப்பது நம்மவரிடையே பரவிவரும் வழக்கம். தொலைக்காட்சிகளுள் பல, எச்டிஎம்ஐயால் உள்ளே வந்த ஓசையைத் தம் ஒப்டிகல் துவாரத்தால் வெளியே விடும்போது இரண்டு தடமாக்கிவிடும். 2009இல் வந்த ஏஆர்சி ஏற்பாடு இக்குறையை ஓரளவும், 2017இல் வந்த ஈஏஆர்சி முழுமையாகவும் தீர்த்தன; இரண்டு கருவிகளிலும் அது இருந்தால் மட்டும். ரிசீவரிலே எச்டிஎம்ஐ துவாரங்கள் இருக்குமாயின் இயங்கி, ரிசீவர், தொலைக்காட்சி என்ற வரிசையே உசிதம். கடைசியில் இருக்கவேண்டியது கண்ணுக்குரிய சாதனம்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு. சாமான்கள் கல்முனைக் கடைத்தெருவில் வாங்கப்பட்டவையாயின் மின்சாரம் பற்றிக் கவலையில்லை. வளைகுடாவிலிருந்து கொண்டுவந்தவையாயின் கவனம் வேண்டும். சவூதி அரேபியாவில் நெடுங்காலம் வீட்டு மின்சாரம் 127 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இலங்கையிலோ 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அங்கே விற்கப்பட்ட அம்ப்கள் சிலவற்றின் முதுகில் வோல்ட்டை மாற்றும் சிறு திருகி உண்டு. ஸ்குரூ டிரைவரால் திருப்பவேண்டும். என் காக்கா அப்படியொன்றை விமானத்தில் மடியிலே வைத்துக்கொண்டுவராத குறையாகக் கொண்டுவந்து, திருகியைப் பாராமலே செருகியபோது, ஒரு முனகலும் ஒரு வாடையும்தான் அதிலிருந்து வந்த முதலும் கடைசியுமான ஓசை. இறுவட்டுப் பிரதேச எண்ணும் அவ்வாறே: டிவிடிக்கு இலங்கையும் இந்தியாவும் ஐந்தாம் பிரதேசம், மத்திய கிழக்கு இரண்டாம் பிரதேசம், புளூரேக்கு நாம் ‘சி’, அவர்கள் ‘பி’. தமிழ்ப்பட டிவிடிகள் பெரும்பாலும் எல்லாப் பிரதேசத்துக்கும் திறந்தனவாகையால் இது அதிகம் உறைப்பதில்லை.

எல்லா வயரும் செவ்வையாயினும், அலுமாரியின் மேல் அணிவகுத்து நிற்கும் ஐந்து பெட்டியும் கீழே இறங்காதவரை காரியம் ஆகாது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதிப்படி, கேட்பவரின் மூக்குக்கு நேரே நடுப்பெட்டி. அதற்கு இடமும் வலமும் முப்பது பாகையில் முன்பெட்டிகள். பின்பெட்டிகள் என்று நாம் அழைப்பவை நூறு முதல் நூற்றிருபது பாகையில், அதாவது காதுக்குச் சற்றே பின்னால். முற்றிலும் முதுகுக்குப் பின் வைப்பது பொதுப் பிழை. பக்கவாட்டிலிருந்து வரும் ஓசையே சூழ்ந்திருக்கும் உணர்வைத் தரும். நேர்பின்னால் வருவதை முன்னால் வருவதாக மயங்குவதும் உண்டு. பெரிய பெட்டிக்கு மாத்திரம் இந்த நியமம் தளர்வு. 80 ஹேர்ட்ஸ் ஓசையின் அலைநீளம் நம் வெப்பத்தில் நாலரை மீற்றருக்குச் சற்றுக் குறைவு. அத்தனை நீண்ட அலை இரு காதுகளுக்கிடையே திசை காட்டுவதில்லை.

தூரக் கணக்கும் இதோடு சேர்ந்தது. நம்மூர் முப்பது பாகை வெப்பத்தில் ஓசை வினாடிக்கு ஏறத்தாழ 349 மீற்றர் ஓடும்; மூன்று மீற்றரிலுள்ள முன்பெட்டியின் ஓசை வருவதற்குச் சுமார் எட்டரை மில்லிவினாடி, ஒன்றரை மீற்றரிலுள்ள பக்கப் பெட்டிக்கு அதிற் பாதி. முந்தி வந்த ஓசையின் பக்கமே மனம் சாயும் என்பதை ஹெல்முட் ஹாஸ் 1949இல் ஆராய்ந்து நிறுவினார். நாடாவால் அளந்து தூரங்களை ரிசீவரில் பதிந்தால், கிட்டவுள்ளதை அது தாமதப்படுத்திச் சமன்செய்யும். சிவப்பும் கறுப்பும் மாறிச் செருகப்பட்ட ஓர் ஒலிபெருக்கி இருந்தாலோ எந்தக் கணக்கும் உதவாது. கனம் வற்றி, குரல் நடுவில் நில்லாமல் அலையும்.

மண்டபத்தைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. தரைக்கு ஓடு, சுவருக்குப் பூச்சு, யன்னலுக்குக் கண்ணாடி. கையைத் தட்டினால் ஓசை சுவருக்குச் சுவர் துள்ளும். இதற்கு வெளிநாட்டில் விலையுயர்ந்த பஞ்சுப்பலகைகளைச் சிபாரிசு செய்வர். பக்கத்திலேயே மருதமுனையில் கைத்தறி நெய்கிறார்கள். யன்னலுக்கு மடிப்பு மடிப்பாய்த் தொங்கும் கனத்த திரையும், நடுத்தரையில் ஒன்றின்மேல் ஒன்றாய் இரண்டு பன்பாயும், ஒரு மெத்தை நாற்காலியும் சேர்ந்தால் அந்தத் துள்ளல் பாதி அடங்கிவிடும். நானே விரித்துச் சோதித்தது இது.

சண்டை பெரிதாயும் பேச்சு சிறிதாயும் கேட்கிறது என்பது பெண்கள் தரப்பின் முறைப்பாடு, நியாயமானது. பேச்சு முழுவதும் நடுப்பெட்டியிலிருந்து வருவதால் அதை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் உயர்த்தினால் போதும். நெருங்கிய வளவுகளில் இஷாத் தொழுகைக்குப் பின் படம் பார்ப்பவர், டொல்பியின் இரவு ஏற்பாட்டைத் திறந்துகொண்டால் வெடியோசை தாழ்ந்து கிசுகிசுப்பு உயரும். அடுத்த வீட்டுக் குழந்தையும் உறங்கும். பாங்கு கேட்கும்போது ஓசையைத் தணிக்க எந்தப் பொத்தானைத் தேடவேண்டும் என்பதை மட்டும் யாருக்கும் கற்பிக்கவேண்டியதில்லை.

முடிவாக ஒரு வழக்கு எஞ்சியிருக்கிறது: பாட்டையும் ஆறாய் விரிப்பது தகுமா? நாகூர் ஈ. எம். ஹனிபாவின் பழைய பதிவுகளைப் போட்டு, ரிசீவரில் ‘மண்டபம்’, ‘அரங்கு’ என்றிருக்கும் பொத்தான்களை அமுக்கி, அந்தக் கம்பீரக் குரலை நாற்சுவரிலும் எதிரொலிக்கவிட்டு இரசிப்பவர் பலர். ஒற்றைத் தடத்தில் பதியப்பட்ட குரலுக்கு இடம் ஒன்றுதான். அப்பாட்டுகளுக்கு யான் இரண்டு முன்பெட்டிகளை மாத்திரம் திறந்துவைப்பேன். பின்பெட்டிகளுக்கு அப்போது ஓய்வு.

சாதனம் ஊமையென்று யாரையும் அழைப்பதற்கு முன், ரிசீவரின் யன்னலில் என்ன எழுத்து நிற்கிறது என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பிசிஎம் என்றிருந்தால் எழுந்து கடைக்குப் போகவேண்டாம்; இயங்கியின் ரிமோட்டைக் கையில் எடுங்கள்.